இடது பக்கத்து இடுக்குகள்

கொட்டகைக்குள் நுழைந்ததும் ரெசின் வாடை மூக்கில் ஏறியது. பல் டாக்டரான அவளுக்குப் பழகிய வாடைதான், பல் அடைக்கும் பசையின் வாடை. ஆனால் அது அவள் கிளினிக்கில் இருக்க வேண்டியது. இங்கே, கரையேற்றி முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த பழைய பாய்மரக் கப்பலின் அருகில், தாரும் மரத்தூளும்தான் மணக்க வேண்டும்.

கப்பலின் இடது பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. ஞாயிறு தவறாமல் வந்து, பலகைகளுக்கு நடுவே பஞ்சுத் திரி வைத்து, தட்டை உளியால் அவள் அடித்து இறக்கிய இடுக்குகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"யார் பண்ணின வேலை இது?"

ஒயர் சுற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் தலையைச் சொறிந்தார். "நேத்து வந்த சனிக்கிழமை கோஷ்டி, டாக்டர். கேப்டன் டப்பா டப்பாவா ரெசின் பட்டி கொண்டு வந்தார். வேண்டாம்னு நானும் சொன்னேன்."

"சொன்னீங்களா?"

"மெதுவாச் சொன்னேன்."

கேப்டன் என்பது அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். துடுப்புகூடப் பிடித்ததில்லை. கப்பலைப் பராமரிக்கும் தொண்டர் சங்கத்துக்குத் தலைவரானதும் ஒரு தொப்பி வாங்கினார். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவரே இப்போது உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா, இன்று கப்பலைப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்கான மேஜை விரிப்புகளோடு.

"எப்படி? கண்ணாடி மாதிரி இல்ல?"

"அத்தான், இது மரம். தண்ணில இறங்கினா பலகை ஊறி உப்பும், இடுக்கு தானா மூடிக்கும். அதுக்குத்தான் மெத்துனு பஞ்சு வெச்சோம். நீங்க கல்லா இறுகுற பசையை வெச்சு அடைச்சிருக்கீங்க. உப்புற பலகை எங்க போகும்? உள்ள இருக்கிற சட்டத்தை உடைச்சுடும்."

"கோடு கோடாப் பள்ளம் தெரிஞ்சுதும்மா. வர்றவங்க சிரிக்க மாட்டாங்களா? பல் டாக்டர்தானே நீ, ஓட்டையைப் பார்த்தா அடைக்கத் தோணாது?"

எலக்ட்ரீசியன் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. பதிலை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தானே ஒரு போன் செய்துகூடக் கேட்காமல் பூசியிருக்கிறார்கள்!

நகத்தால் அழுத்தினாள். மேலே தோல் கட்டியிருந்தது, உள்ளே பிசுபிசுத்தது. இறுகவைக்கும் மருந்தைக் குறைவாகக் கலந்திருக்கிறார்கள். அதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை. ஆனாலும் நாளைக்குள் இறுகிவிடும். நாளைக்குத்தான் கப்பல் தண்ணீரில் இறங்குகிறது.

கொக்கி முனைச் சுரண்டியை எடுத்து இடுக்கில் குத்தி இழுத்தாள். ரெசின் நாடாவாக உரிந்தது, அவள் வைத்த பஞ்சையும் பிய்த்துக்கொண்டு.

"ஏய், என்ன பண்றே? ஆளுங்க வர்ற நேரம்!"

"வரட்டும்."

"தலைவர் சொல்றேன், கீழ வை."

"தலைவர் பூசறதுக்கு முன்னாடி யார்கிட்ட கேட்டார்?" குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். "இந்தப் பக்கம் உன் பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் இல்லாத நேரமாப் பார்த்து மொழுகிட்டுப் போக இது என்ன உங்க வீட்டுச் சுவரா?"

"எங்க வீட்டுச் சுவரையும் இப்படித்தான்டி மொழுகினார்," என்றாள் அக்கா. "இன்னும் ஈரம் கசியுது."

"நீ சும்மா இரு!"

அக்கா சும்மா இருக்கவில்லை. விரிப்புகளை அவர் கையில் திணித்துவிட்டு, நல்ல உடை என்றும் பார்க்காமல் தங்கை பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். எலக்ட்ரீசியனும் இன்னொரு சுரண்டியைத் தேடி எடுத்துக்கொண்டு மறு கோடிக்குப் போனார்.

"நாளைக்கு இறக்கணுமே!"

"நாளைக்கு இறங்காது. மறுபடி பஞ்சு வெச்ச பிறகுதான்."

"நான் அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"நீங்க பண்ணினதைச் சொல்லுங்க."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். கேப்டன் விரிப்புகளை அணைத்தபடி ஓடிப்போய்க் கொட்டகைக் கதவை இழுத்தார்.

"சாத்தாதீங்க, அத்தான்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "வெளிச்சம் வேணும்."