மூன்றாம் மாடியில் கடல்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாகக் கடல் ஏறியது, கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய இருபத்து மூன்றாம் நாள், காலை பத்தே காலுக்கு. கணுக்கால் அளவுக்கு ஏறி, சோபாவின் கால்களை நனைத்து, ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, வந்த வழியே தொட்டிக்குள் இறங்கிவிட்டது. தரையில் ஒரு கைப்பிடி மணலும் மூன்று சிப்பிகளும் கிடந்தன. வீடு மூன்றாம் மாடி. ஆனாலும் கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் வெளியே வரவுமில்லை. கட்டடச் சங்கத்தினர் கூடிப் பேசி, இது அந்த வீட்டுக்குள் நடக்கும் விவகாரம், நாம் தலையிடுவது முறையல்ல என்று முடிவு செய்தார்கள். மறுநாள் பதினொன்று ஐந்துக்கு ஏறியது. அதற்கு மறுநாள் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. ஒரு வாரத்துக்குள், கடல் ஏறும் நேரத்தை எழுதிய அட்டை ஒன்று லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், வண்டிகளை ஒழுங்காக நிறுத்தச் சொல்லும் நோட்டீஸுக்குக் கீழே தொங்கியது. கூரியர்காரரும் சிலிண்டர் போடுகிறவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போனார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப் போகச் சொல்ல வாய் வராமல் போகலாம். அவன் தொழில், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது. கதவில் காதை வைத்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்பான். உள்ளே இருப்பவர் அழுதாலும் கத்தினாலும் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்பான். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறக்கும். இயந்திரத்தின் குரல் காதில் விழ வேண்டுமானால் மனிதக் குரல் அடங்க வேண்டும் என்பது அவன் வேலையில் கற்ற பாடம். அந்த ஒரு நிமிஷம் நாக்கில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தது. மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்தர். சாட்சி தொண்டையைச் செருமினால்கூட அவள் நோட்டில் அது இருக்கும். பகல் முழுவதும் ஊரார் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிவிட்டு, மாலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மறுநாளுக்காக நான்கு பென்சில்களைச் சீவி வைப்பாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில், அவள் ஆரம்பித்து அவன் முடிக்கவிட்ட வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தொட்டி ஆசை ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் பிடித்தது. அங்கே லிஃப்டைச் சரிசெய்யப் போனவன், காத்திருப்பு அறையில் பவளப்பாறைத் தொட்டியைப் பார்த்துவிட்டுக் கருவிப்பெட்டியோடு அரை மணி நேரம் நின்றான். அடுத்த வாரம் நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது, இரும்பு ஸ்டாண்டு வந்தது, மூட்டை மூட்டையாகக் கடல் உப்புத்தூள் வந்தது. அலங்கார மீன் கடைக்காரர் முதல் நாளே எச்சரித்தார். "சார், ஆறு வாரம் உள்ள ஒரு மீன்கூட விடக்கூடாது. வெறும் தண்ணி, மணல், கல்லு. கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரணும். அது வளர்றவரைக்கும் வெறும் தண்ணியதான் பார்த்துட்டு உக்காந்திருக்கணும். பொறுமை இருக்கா?" இருக்கிறது என்றான். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன், ரசமட்டம் வைத்து ஸ்டாண்டை நாலு தடவை நிமிர்த்தினான். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டான். கண்ணாடி மிதவையைப் போட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உப்பின் அளவைப் படித்தான். பிறகு ஒன்றுமே இல்லாத தண்ணீருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். இந்த மனுஷனுக்குப் பொறுமை கிடையாது, பிறவிக் குணம், என்ன செய்ய என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு வந்தவள் அவள். அவனிடம் பொறுமை இருந்திருக்கிறது, அதுவும் மூட்டைக் கணக்கில். அவளுக்கென்று எடுத்துக் கொடுக்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

கிருமி வளர்வதற்காகத் தொட்டியில் ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிட வேண்டும் என்பது கடைக்காரரின் யோசனை. தண்ணீர் நிரப்பிய அன்றே இறால் உள்ளே போனது. அதே நாள் மனைவிக்கு ஆர்டர் வந்தது: பதவி உயர்வு, ரயிலில் பன்னிரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய கோர்ட்டில் தலைமைச் சுருக்கெழுத்தர், நாற்பத்தைந்தாம் நாளுக்குள் சேர வேண்டும், அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் கணவனிடம் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்வி. நீங்களும் வர்றீங்களா, இல்ல நான் போகாம இருந்துடவா? இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அவளுக்குச் சம்மதம்தான். அவன் எங்கே இருக்கிறானோ அங்கே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் பதில் அவன் வாயால் வர வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்ற பிடிவாதம் அவளுக்கு வந்துவிட்டது.

"எனக்கு ஒரு ஆர்டர் வந்திருக்கு..." என்று அன்றே ஆரம்பித்தாள். "ஒரு நிமிஷம்" என்றான், இறாலைப் பார்த்தபடி. அடுத்த நாள் தண்ணீர் கலங்கியிருந்தது, ஒரு நிமிஷம். அதற்கடுத்த நாள் அமோனியா அளவு பார்க்கச் சோதனைக் குழாயில் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணும்போது பேசினால் கணக்கு தப்பிவிடும், ஒரு நிமிஷம். தொழில் புத்தி போகாமல் அவள் ஒவ்வொன்றையும் சுருக்கெழுத்தில் தேதியோடு குறித்து வைத்தாள். மூன்று வாரத்தில் பதினொரு முயற்சிகள். அதிகபட்சமாக ஏழு சொற்கள் வரைக்கும் போக முடிந்தது.

இதற்கிடையே தொட்டியில் தண்ணீர் தினமும் கொஞ்சம் குறைந்தது. விளக்குச் சூட்டில் ஆவியாகிற தண்ணீர்தான், எல்லாத் தொட்டியிலும் நடப்பது. போனது கடல், எனவே கடலைத்தான் ஊற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டு, உப்புக் கரைத்த தண்ணீரை அவன் தினமும் ஒரு குடம் ஊற்றி வந்தான். ஒரு தடவை சரியாக முடுக்கிய திருகை மறுபடி தொட்டுப் பார்ப்பது வேலை தெரியாதவன் செய்கிற காரியம் என்பது அவன் கொள்கை. ஆகவே மிதவையை அவன் இரண்டாம் முறை எடுக்கவே இல்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இருபத்து மூன்றாம் நாள், முன்பே சொன்னபடி, கடல் ஏறியது. கடைக்காரர் வந்து பேன்ட்டை மடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "சார், ஆவியா போறது தண்ணி மட்டும்தான். உப்பு எங்கயும் போகாது, அங்கயேதான் கிடக்கும். நல்ல தண்ணி ஊத்த வேண்டிய இடத்துல தினம் உப்பை ஊத்திட்டே இருந்தா, அது கடலாகாம வேற என்ன ஆகும்?" இதைக் கேட்டு அவன் தலையாட்டினான். பின்னால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த மனைவியும் கேட்டாள், அவள் தலையாட்டவில்லை. உப்பை மெல்ல மெல்லக் குறைத்துவிடலாம், ஆனால் ஏறிய கடல் ஏறியதுதான் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டுப் போனார்.

கடல் இறங்கும்போது சும்மா இறங்கவில்லை. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. முதல் நாள் மனைவியின் இடது செருப்பு, அடுத்த நாள் வலது. பிறகு சீப்பு, தலையணை, சுருக்கெழுத்து நோட்டுகள், ஜன்னலோர நாற்காலி. நாலடித் தொட்டிக்குள் நாற்காலி எப்படிப் போனது என்று கேட்பவர்கள் உண்டு. மடங்கவில்லை, உடையவில்லை, தொட்டியை நெருங்க நெருங்கத் தூரத்தில் போகும் பொருள் மாதிரிச் சின்னதாகிப் போய்விட்டது. மெக்கானிக் ஒழுங்கான ஆள். குறிப்பேட்டில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், 'போனவை' என்று மூன்று கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினான். எழுதியதைத் திருப்பிப் படிக்கத்தான் அவனுக்கு நேரமில்லை. கீழ்வீட்டுத் தையல்காரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "அக்கா, உங்க சாமான் மட்டும்தான் போகுது. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். உனக்காவது கண்ணுல பட்டுச்சே, அதுவே போதும்."

கடல் ஆள் பார்த்துத்தான் எடுத்தது. பிறந்த நாளுக்கென்று அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு அவனே வண்டியில் வைத்துக்கொண்ட குடை, கூடத்து மூலையில் கிடந்து நாலு தடவை முழுக்க நனைந்தும் போகவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த கல்யாண போட்டோவில் அவள் நின்ற பாதி மட்டும் வெள்ளையாகிவிட்டது. அவன் யாருக்கோ தோள் கொடுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்து நான்காம் நாள் அவள் லீவு போட்டிருந்தாள். அன்று உப்பும் சரி, அமோனியாவும் சரி என்று ஆகி, முதல் ஜோடி மீன்கள் வந்திருந்தன: ஆரஞ்சு நிறம், வெள்ளைப் பட்டை, கட்டைவிரல் நீளம். புது மீனைச் சட்டென்று தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் பழக்க வேண்டும். அவன் வாளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீதியிருந்த உடுப்புகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது, அவன் மீன்களோடு பேசிக்கொண்டிருப்பது கேட்டது. "அவசரமே இல்லடா. புது இடம்ல, அப்படித்தான் இருக்கும். மெதுவா பழகிக்கலாம், நான் இங்கயேதான் இருக்கேன்." பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே வாசல் வழியாகப் புது இடத்துக்கு வந்தவளுக்கு இதில் பாதிகூட யாரும் சொல்லவில்லை. அவள் பெட்டியைக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு கேட்கணும். இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"ஒரு நிமிஷம்."

நாலு பத்துக்குக் கடல் ஏறியது. பெட்டி மிதந்தது. அவள் அவசரக்காரி இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் காத்திருந்தாள், அதற்கப்புறம் எண்பத்தொன்பது நிமிஷம் காத்திருந்தாள். ஐந்து நாற்பதுக்குக் கடல் இறங்கத் தொடங்கியது. பெட்டி அவளோடு மெல்லத் திரும்பித் தொட்டிப் பக்கம் போனது. போகப் போகச் சின்னதாகி, மணலையும் கற்களையும் தாண்டி, தொட்டியின் பின்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டது. மீன்கள் இரண்டும் நலமாகத் தொட்டியில் இறங்கி, ஒரு கல்லின் இடுக்கைப் பார்த்து வைத்துக்கொண்டன. அவன் நிம்மதியாக முதுகை நிமிர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப சொல்லு" என்றான்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு அவள் பெரிய கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததாக அங்கே வருகைப் பதிவேடு சொல்கிறது. முழங்கால்வரை நனைந்திருந்ததால் காவலாளி ஒரு பழைய துணியை விரித்து அதன் மேல் நின்று கையெழுத்துப் போடச் சொன்னான். அவள் மேஜைக்குப் பின்னால் ஜன்னலோர நாற்காலி ஏற்கெனவே வந்திருந்தது; இழுப்பறையில் சீவிய நான்கு பென்சில்கள் இருந்தன. செருப்பு வாசலில் ஜோடியாகக் கிடந்தது. அங்குள்ளவர்கள் அவள் பேசி முடிக்கும்வரை பேசாமல் இருந்தார்கள் என்று தையல்காரிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. முதலில் அது அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

வருஷங்கள் போயின. தொட்டியில் பவளங்கள் வளர்ந்து கிளை விட்டன. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, முதல் தொட்டியிலேயே இப்படியா என்று வாயைப் பிளந்தார்கள். அவள் கேட்க வந்தது என்ன என்பதைத் தையல்காரிதான் ஒரு நாள் படிக்கட்டில் அவனை நிறுத்தி வைத்துச் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "இவ்வளவுதானா? வரேன்னு சொல்லியிருப்பேனேம்மா." நிஜமாகவே சொல்லியிருப்பான், பொய்யில்லை. "ரயில் இருக்கே அண்ணா, இப்பவே போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் தையல்காரி. போகலாம்தான். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். அதுவரை தொட்டியை யார் பார்ப்பது? பம்ப் நின்றால் பவளமெல்லாம் ஒரே பகலில் செத்துப்போகும். இதை அவன் சொன்னபோது தையல்காரி கீழே இறங்கிப் போனாள்.

கடல்தான் வாசலுக்கே வருகிறதே என்று அவன் வேறு வழி பார்த்தான். பெட்டியில் நாலு சட்டையை அடுக்கி, அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கடல் இறங்கும் நேரத்துக்குக் காத்திருந்தான். கடல் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போயிற்று. மறுநாளும் அப்படியே. குடையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். குடையும் போகவில்லை, அவனும் போகவில்லை. ஒரு நாள் சோபா மெத்தையின் இடுக்கில் அவளுடைய ரவிக்கைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. பச்சை, நாலு ஓட்டை, ஒன்றில் நூல் இருந்தது. அதைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, இதோடு சேர்த்து என்னையும் இழுத்துத்தானே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தான். கடல் ஏறியது, நின்றது, இறங்கும்போது அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்து, பொத்தானை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்றைய குறிப்பில் 'பொத்தான் ஒன்று' என்று எழுதிவிட்டு, முதன்முறையாகப் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பிப் படித்தான். செருப்பு, சீப்பு, தலையணை, நாற்காலி, பெட்டி. கடல் அவளுடையதை மட்டும்தான் எடுக்கும் என்பது அப்போது அவனுக்கும் புரிந்தது. கட்டடத்தில் மற்ற எல்லாருக்கும் எப்போதோ புரிந்த விஷயம். ஆனாலும் அவன் உட்காருவதை நிறுத்தவில்லை. லிஃப்ட் பக்கத்து அட்டையைப் பார்த்து, அந்த நேரத்தில் யாரும் அவன் வீட்டு மணியை அடிப்பதில்லை. தண்ணீர் இறங்கியதும் எழுந்து, தொட்டியில் ஆவியான அளவுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுகிறான். மணலைக் கூட்டி அள்ளுகிறான். குறிப்பேட்டை எடுத்து, ஏறிய நேரம், இறங்கிய நேரம், அதற்குப் பக்கத்தில் தினமும் அதே கையெழுத்தில்: போனவை, ஒன்றுமில்லை.