சுற்றுவழி

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் கதவு வரை போய்விட்டவள், கணினித் திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமே என்று திரும்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா கூப்பிட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் மூச்சு மாறுகிறது, சாயங்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெரியவளின் விமானம் மத்தியானம் இரண்டரைக்கு இறங்கிவிடும், மூன்றரைக்குள் வந்து முகத்தைப் பார்த்துவிடுவாள், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அம்மா அழாமல் சொன்னாள். அக்காவான பெரியவள் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. வடதுருவத்துக்கு மேலாக வரும் விமானத்தில் அப்போது உட்கார்ந்திருந்தாள்.

சின்னவளுக்கு உத்தியோகம் சூரியனைக் கண்காணிப்பது. அதைச் சொல்லி வீட்டில் சிரிக்காத ஆளில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பாதான் அதில் முதல் ஆள். "உன் ஆளு இன்னைக்கு டயத்துக்கு வந்தானா?" என்று தினமும் கேட்பார். ஆஸ்பத்திரியில் படுத்த இந்த ஒன்பது நாளாகத்தான் கேட்கவில்லை.

திரையில் சூரியனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் கோடு ராத்திரியெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. இப்போது அதன் நுனி லேசாகத் தலை தூக்கியிருந்தது. அவள் பையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். இருபது வருட அனுபவஸ்தர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் 'மீசை'. சூரியனில் பெரிய வெடிப்பு எதுவும் இல்லையே என்று கையை விரித்தார். அரை மணிக்கு முன்னால் மேற்கு விளிம்பில் ஒரு சின்ன மினுக்கல், அவ்வளவுதான்.

போன மாதம் அவள் மூக்குடைபட்டது இருவருக்கும் நினைவிருந்தது. அன்றைக்குச் சூரியனின் நட்டநடுவில் கண்ணைப் பறிக்கும் வெடிப்பு. அவள் அலறியடித்துக்கொண்டு எச்சரிக்கை அனுப்பினாள், எட்டு விமானங்கள் பாதை மாறின. வெளிச்சம் வந்ததோடு சரி. சூரியனிலிருந்து எதுவும் பிய்த்துக்கொண்டு கிளம்பவில்லை, ஒரு துகளும் வரவில்லை. மேலதிகாரி கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். இனிமேல் எண்ணிக்கை எல்லையைத் தாண்டாமல் எச்சரிக்கை அனுப்பினால், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவானது.

அன்று பட்ட பாடு அவளுக்கு நன்றாக உறைத்திருந்தது. வெளிச்சம் பெரிதா சிறிதா என்பதல்ல கணக்கு. நெருப்பு மேகம் ஒன்று பிய்த்துக்கொண்டு பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்காத லாரி எதிரே கிடப்பதையெல்லாம் அடித்துத் தூக்குவதுபோல, அந்த மேகத்தின் முகப்பு துகள்களை வாரியடித்து அனுப்பும். எங்கே வெடித்தது என்பதும் முக்கியம். குழாயைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் தண்ணீர் வளைந்து விழுமே, அப்படிச் சூரியன் சுற்றுவதால் அதன் காந்தப் பாதைகளும் வளைந்திருக்கின்றன. நம் பூமியில் வந்து முடியும் பாதை அதன் மேற்குப் பக்கத்தில் தொடங்குகிறது. விளிம்புக்குச் சற்றே பின்னால் வெடித்தால் வெளிச்சம் மறைந்துபோகும், மேகம்கூட வேறு திசையில் போய்விடும். துகள்கள் மட்டும் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு நேரே நம் வீட்டு வாசலுக்கு வரும்.

சூரியனின் முகத்தை மறைத்துவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் காட்டும் படத்தை வரவழைத்தாள். மேற்குப் பக்கம் முழுக்க ஒரு பெரிய குமிழ் கிழித்துக்கொண்டு புறப்பட்டிருந்தது.

"பின்பக்கம் வெடிச்சிருக்கு," என்றாள்.

மீசை படத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். "பத்து நிமிஷம் பொறும்மா. எல்லையத் தாண்டட்டும். இல்லேன்னா மறுபடியும் உன் தலைதான் உருளும்."

துகள்களைத் தடுக்கும் பூமியின் காந்தக் கவசம் துருவத்தின் மேல் இல்லை. எச்சரிக்கை போனால் அந்த வழியில் வரும் விமானங்கள் உயரத்தைக் குறைத்துத் தெற்கே திரும்பும். நடுவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ளும். நான்கு மணி நேரம் கூடும். அப்பாவிடம் அந்த நான்கு மணி நேரம் இல்லை. எச்சரிக்கை போகாவிட்டால் பெரியவள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் அதுவரை, ஜன்னலோரம் வயிற்றின் மேல் கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பவளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்வீச்சு நிமிடத்துக்கு நிமிடம் புகுந்து வெளியேறிக்கொண்டிருக்கும். சுடாது, வலிக்காது, ஒருவருக்கும் தெரியாது.

அக்கா அந்த விமானத்தில் இல்லாவிட்டால் அனுப்புவேனா? அப்பா நன்றாக இருந்தால் இவ்வளவு யோசிப்பேனா? எந்தப் பயம் தன் கையைப் பிடித்து இழுக்கிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பினாள். பிறகு ஓடினாள்.

ஆஸ்பத்திரி அறையில் அப்பா விழித்திருந்தார். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் ஒரு நீல வரைபடம், அதன்மேல் விரல் நகம் அளவு விமானம். பெரியவள் வரும் வழியைப் பார்க்க விடியற்காலையில் அம்மா வைத்துக் கொடுத்ததாம். அதிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை என்றாள். மகள் வந்த தைரியத்தில் முகம் கழுவிவிட்டு வரப் போனாள்.

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அந்தக் குட்டி விமானம் மூக்கைத் திருப்பியது.

"வண்டி திரும்புது," என்றார் அப்பா. குரல் காற்றாகத்தான் வந்தது. "எதுக்கு?"

"அந்த ரூட்டு இப்ப நல்லதில்லப்பா. சூரியன்லேருந்து கொஞ்சம்... வயித்துல புள்ளையோட வர்றா இல்ல."

"யாரு சொன்னா?"

பொய் சொல்லிவிடலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது.

"நான்தாம்ப்பா."

அவர் முதல்முறையாகப் போனை விட்டு அவளைப் பார்த்தார். "எவ்ளோ லேட்டு?"

"நாலு மணி நேரம்."

முப்பது வருடம் நேரம் பார்த்து வண்டி எடுத்த மனிதர். கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே போய்விடுவாரோ என்று அவள் அவர் மார்பையே பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார் கண்ணைத் திறக்காமல். இரண்டு மூச்சு போய் வந்தது. "பெரியவகிட்டயும்."

ஏழு மணிக்கு மீசையிடமிருந்து செய்தி வந்தது. அவள் கிளம்பிய பத்தாவது நிமிடம் எல்லையைத் தாண்டியதாம், இப்போது அதற்கும் நூறு மடங்கு மேலே நிற்கிறதாம், நீ செய்ததுதான் சரி என்று எழுதியிருந்தார். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எச்சரிக்கை தப்பாகப் போயிருந்தால் விமானத்தைப் பழைய பாதைக்கே திருப்பச் சொல்லிவிடலாம் என்று மனதின் ஒரு மூலையில் ஆசை ஒன்று ஒளிந்திருந்தது. அது செத்துப்போனது.

விமானம் தாமதம் என்ற தகவல் அம்மாவின் போனுக்கும் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

"எவனோ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு பட்டன அமுக்கிட்டான். அவன் வீட்ல எழவு விழுந்தாத்தான் அவனுக்குத் தெரியும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். போர்வையின் மேல் கிடந்த அப்பாவின் சுட்டு விரல் மெல்ல நகர்ந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

மத்தியானத்துக்கு மேல் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவள் எண்ணினாள். எட்டு. பதினொன்று. பதினைந்து. "வந்துக்கிட்டே இருக்கா, கொஞ்ச நேரந்தான்," என்று அம்மா அவர் காதில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலு ஐம்பதுக்கு அவள் முப்பது வரை எண்ணினாள். பிறகு நாற்பது. நர்ஸ் வந்து அவள் தோளில் கை வைத்தபோது, எவ்வளவு வரை எண்ணினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகம் போன் பக்கமே திரும்பியிருந்தது.

நர்ஸ் ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வந்தாள். எல்லாம் அடங்கிய அறையில் போன் மட்டும், சார்ஜ் தீரப்போகிறது என்று கிணுக்கென்றது.

"அத அணைச்சிடும்மா," என்றாள் அம்மா. "இனிமே யாரு பாக்கப்போறா."

சின்னவள் பையைத் துழாவிச் சார்ஜரை எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் மண்டியிட்டுத் தவழ்ந்துபோய், சுவரில் சொருகும் இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தாள். எழுந்து வந்து, போனைப் பாட்டிலில் முன்புபோலவே, அவர் பக்கமாகச் சாய்த்து வைத்தாள். கடலுக்கு மேலே குட்டி விமானம் ஒரு மயிரிழை நகர்ந்தது.