மேலே படுத்திருந்த ஓணான்

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், டேரினை எனக்குப் பிடிக்காது. கெட்டவனாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லித் திட்டலாம். என் முன்னாள் மனைவி கெர்ரியோடு குடியிருக்கிறான், எப்போது பார்த்தாலும் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான், என் மகள் டானி அவன் பேச்சில்லாமல் ஒரு வேளை சாப்பிடுவதில்லை. அவளுக்குப் பதினொரு வயது. வார நாளெல்லாம் அவர்கள் வீட்டில், சனி ஞாயிறு மட்டும் என் பங்கு. அந்த இரண்டு நாளை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாளெல்லாம் ப்ரோக்கன் ஹில் ஊருக்கு வெளியே மண் ரோடு நிரவும் வண்டியில் புழுதி தின்கிறேன்.

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஓணான் வேட்டை. பிடிக்கிற வேட்டை இல்லை, பார்க்கிற வேட்டை. வேலிக் கம்பத்து உச்சியில், தொண்டைக்குக் கீழே முள்ளு முள்ளாகத் தாடி வைத்த தாடி ஓணான் வெயில் காயும். நான் பிக்கப் வண்டியை மெதுவாக உருட்டுவேன், அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். ஒன்றை வளர்க்க வேண்டுமென்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வெளியே திரிவதைத் தூக்கிவரக் கூடாது. உரிமம் எடுத்து, வளர்ப்பவரிடம்தான் குஞ்சு வாங்க வேண்டும். "முதல்ல வீடு, அப்புறம் ஓணான்" என்று சொல்லி, ஒரு பழைய டிவி அலமாரியைக் கூண்டாக மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஒரு மூலையில் சூட்டு விளக்கு, மறு மூலை நிழல். குளிர்காலம் முழுக்க இழுத்துவிட்டேன், உண்மைதான். வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

வசந்தம் பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை டானி போன் செய்தாள்.

"அப்பா, இந்த வாரம் நான் வரலை. சார்ஜென்டும் பட்டனும் வீட்டுக்குப் புதுசு இல்லையா, நான் கூட இருக்கணும்."

"யாரும்மா அவங்க?"

"என் ஓணானுங்க. டேரின் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி மில்டூராவுக்கே போய் வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு! இவ்ளோ பெரிய கண்ணாடித் தொட்டி!"

நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடிவயிறு பற்றி எரிந்தது. என் ஓணான், என் மகள், என் சனிக்கிழமை. எல்லாவற்றையும் ஒரே நாளில் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பாதியில் நின்ற அலமாரியைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

அடுத்த வாரமும் அவள் வரவில்லை. இப்படியே விட்டால் என் வீட்டு வழியே அவளுக்கு மறந்துபோகும் என்று தோன்றியது. அப்போதுதான் ஒரு வீடியோ அனுப்பினாள். விளக்கின் கீழ் பெரிய ஓணான் சின்னதன் முதுகில் ஏறிப் படுத்திருந்தது. "பாருப்பா, எப்படிக் கட்டிப்புடிச்சுத் தூங்குதுங்க. பட்டன் எனக்கு டாட்டா வேற காட்டுது!" சின்னது ஒரு கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றியது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. சாவியை எடுத்துக்கொண்டு நேரே கிளம்பிவிட்டேன்.

கெர்ரி கதவைத் திறந்தாள். "ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா ரஸ்?"

"ஓணானைப் பாக்கணும்."

"ஓணானையா, டேரினையா?"

டேரின் கொல்லையில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். ரொட்டியில் சுற்றி எனக்கும் ஒன்று நீட்டினான். நான் வாங்கவில்லை. கொல்லைத் திண்ணையில், டானி பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொட்டியின் முன் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"இது கட்டிப்புடிக்கிறது இல்ல. இருக்குற ஒரு விளக்குச் சூட்டைப் பெருசு புடுங்கிக்குது, சின்னதை அமுக்கி வச்சிருக்கு. அது கைய ஆட்டுறது டாட்டாவும் இல்ல. 'நான் சின்னவன், என்னை விட்டுரு'ன்னு பெருசுகிட்ட கெஞ்சுது. சூடு இல்லன்னா அதுக்குத் தின்னது செரிக்காது. கால் விரலைப் பாரு, நுனியைக் கடிச்சே எடுத்திருச்சு. இதுங்க ரெண்டையும் ஒண்ணா அடைக்கலாமான்னு யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டியாய்யா?"

டானியின் முகம் வெளுத்துவிட்டது. டேரின் இப்போது எகிறுவான், சண்டை போடுவான், அசடு வழிவான் என்று காத்திருந்தேன். அவன் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து, குனிந்து பட்டனின் காலைப் பார்த்தான்.

"அடடா. எனக்குத் தெரியாமப் போச்சு ரஸ். சரி, இப்ப என்ன பண்ணணும், சொல்லுங்க."

அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"தனித்தனியா வைக்கணும்" என்றேன்.

கெர்ரி கதவில் சாய்ந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "பன்னெண்டு வருஷத்துல நான் சொன்ன ஒண்ணுக்காவது நீ இப்படிக் கேட்டிருப்பியா ரஸ்?"

அவள் சொன்னதைவிட, டானி டேரினின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என்னைக் கொன்றது.

"அப்பா செய்யற அலமாரி இருக்கு" என்றாள் அவள். "ஒண்ணை அங்க கொண்டுபோகலாம்."

"பட்டனைக் குடு, நான் தேத்திடறேன்" என்று கை நீட்டினேன்.

"வேண்டாம். பட்டன் இங்கயே இருக்கட்டும், நிம்மதியா சாப்பிடட்டும். நீ சார்ஜென்டை வச்சுக்கோ. உங்க ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்."

கெர்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மகள் என்னோடு வண்டியில் ஏறினாள், அது போதும் என்று நானும் கிளம்பினேன். ஓணான் பெட்டி அவள் மடியில் இருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் அலமாரியை முடித்துவிட்டோம். இத்தனை மாதம் முடியாதது எப்படி முடிந்ததென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விளக்கைப் போட்டு சார்ஜென்டை உள்ளே விட்டோம். அது கல்லில் ஏறி ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. தாடி கறுத்து உப்பியது. தலையை விறுவிறுவென்று ஆட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கதவில் முட்டியது. மறுபடி முட்டியது.

"யாரு மேலப்பா இவ்ளோ கோவம்?"

"கண்ணாடில அவன் உருவம் தெரியுது. வேற ஒருத்தன் வந்து தன் இடத்தைப் புடிச்சுக்கிட்டான்னு நினைக்கிறான்."

"விளக்கு பூரா அவனுக்குத்தானே. அங்க யாருமே இல்லையே."

"அது அவனுக்குத் தெரியாதே."

அவள் ஓணானைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரமாகவே. "எவ்ளோ நாள்ப்பா இப்படி முட்டிக்கிட்டே இருப்பான்?"

"வெளிப்பக்கம் காகிதம் ஒட்டினா நின்னுரும்" என்று சொல்லிப் பழைய செய்தித்தாள் தேடப் போனேன். காதெல்லாம் சுட்டது.

நான் திரும்பி வந்தபோது அவள் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். "பட்டன் சாப்பிட்டானான்னு டேரினைக் கேக்கட்டுமா?" என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள். இந்த வீட்டில் அவன் பெயரைச் சொல்ல என் மகளுக்கு அனுமதி வேண்டியிருக்கிறது.

வயிறு எரியத்தான் செய்தது.

"ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்றேன்.