கேட்டவளுக்குக் கிடைத்த விமானம்

குவைத் விமான நிலையத்தில், விமானம் ஏறும் கதவுக்கு எதிரே சுந்தரி உட்கார்ந்திருந்தாள். மடியில் கோடிப் புடவை வைத்த பை. நாகலாபுரத்தில் அவள் அம்மா செல்லியம்மா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். பெற்றவளுக்கு மகள்தான் கோடி போர்த்த வேண்டும், அதுவும் பாடை கிளம்புவதற்குள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. வாசலில் முகம் பார்க்கத் தவறினால் தவறியதுதான்.

காலையில் கிளம்ப வேண்டிய விமானம். முதலில் கொஞ்சம் தாமதம் என்றார்கள். பிறகு மத்தியானம் என்றார்கள். அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. ஆகாயத்தில் பறக்கிற கம்பெனிக்குத் தரையில் காத்திருப்பவர்களிடம் வாய் திறக்க என்ன கஷ்டமோ தெரியவில்லை.

தம்பி முனிகிருஷ்ணன் போன் செய்தான். "எங்கக்கா கீற?"

"இங்கதான் உக்காந்துகினு கீறேன். கூப்புடுவாங்களாம்."

"பொணம் தெருவுல கீற வரைக்கும் கங்கையம்மன் கோயில தெறக்க முடியாதுக்கா. நாளன்னிக்கு அங்க ஒரு கல்யாணம் வேற. நாளிக்குக் காலைல எடுத்துடணும்னு பெரியவங்க சொல்றாங்க."

"வந்துடுவேன்டா."

பக்கத்து நாற்காலியில் இருந்த தாட்சாயணி, நாகலாபுரத்துக்குப் பக்கத்து ஊரான புத்தூர்க்காரி, குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை. அன்று காலையில்தான் பழக்கம். பேச்சைக் கேட்டதும் எழுந்தாள். "வாக்கா, கவுண்டர்ல போய்க் கேப்போம். இவ்ளோ லேட்டானா வேற பிளைட்ல ஏத்தி உடச் சொல்லலாம். நம்ம பாத்தியத அது."

சுந்தரி அசையவில்லை. அவள் ஒரு பங்களாவில் சமையல் வேலை செய்பவள். எதையாவது கேட்டால் எஜமானியின் முகம் மாறும், வேலைக்கே ஆபத்து. சொன்ன இடத்தில் உட்காருவது, கூப்பிட்டால் போவது என்று பழகியிருந்தாள். அந்தப் பழக்கத்தை விமானக் கம்பெனியிடமும் காட்டினாள். டிக்கெட் தன் பணத்தில் வாங்கியது என்பதே அவளுக்கு நினைவு வரவில்லை.

"நமக்கு எதுக்கும்மா வம்பு. நீ போ."

தாட்சாயணி போய்க் கேட்டாள். முதலில் முடியாது என்றார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் வேறு கம்பெனி விமானத்தில் இடம் கொடுத்தார்கள். அவள் ஓடி வந்தாள். "இன்னும் எடம் கீதாம்க்கா. அவங்கவங்க வந்து கேக்கணுமாம். ஏந்து வா."

எல்லாரையும் ஒன்றாகத்தானே கூட்டிப் போவார்கள் என்று சுந்தரி நினைத்தாள். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். போகிற வழியில் வீட்டில் துக்கம் விசாரிப்பதற்காக விலாசம் மட்டும் கேட்டுக்கொண்டு தாட்சாயணி போனாள்.

சுந்தரியின் விமானம் மறுநாள் விடிந்த பிறகுதான் கிளம்பியது. சென்னையில் இறங்கி, கார் பிடித்து ஊர் சேர்ந்தபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள்.

தாட்சாயணி உள்ளேயிருந்து வந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள், அப்படியே விட்டுப் போக மனசு வராமல் தங்கிவிட்டாள்.

"கோடி போத்த மகளில்லன்னு எல்லாம் தயங்குனாங்க. உன் தம்பி ஒரு பொடவ எடுத்தாந்தாரு. நான்தான்க்கா போத்துனேன். கோச்சிக்காத."

சுந்தரி அவளையே பார்த்தாள். "எப்பிடி இருந்துது மூஞ்சி?"

"அப்பிடியே உன் ஜாடக்கா."

முனிகிருஷ்ணன் அருகில் வந்தான். "விதிக்கா. பிளைட்டு லேட்டானா நீ இன்னா பண்ணுவ."

"லேட்டானது அவங்க தப்பு," என்றாள் சுந்தரி. குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. "வாய மூடிக்கினு உக்காந்தது என் தப்பு. காசு குடுத்து டிக்கெட் வாங்கினவ கேக்கறது வம்பு இல்லடா, பாத்தியத. இந்தப் பொண்ணு கேட்டா, எங்கம்மாவப் பாத்தா. நான் கேக்கல."