கட்டைவிரலின் வடிவம்

பல் டாக்டர் கையை விரித்துவிட்டார். நகம் கடித்துக் கடித்துப் பெண்ணின் முன்பல் முனை உடைந்திருந்தது. பல்லின் நிறத்திலேயே பசை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுகவைத்து, மெருகேற்றி இரண்டு முறை அனுப்பினார். இரண்டுமே ஒரு மாதம் தாங்கவில்லை. "நகவெட்டின்னு ஒண்ணு இருக்கும்போது பல்லை ஏம்மா இந்த வேலை வாங்குற?" என்றவர், ஆறு வாரம் நகம் வளர்த்துக் காட்டினால்தான் மறுபடி கை வைப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கூடப் போயிருந்த சித்திக்கு நகம்தான் தொழில். அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணை ஞாயிறுதோறும், ஆள் வராத மதியத்தில், தன் பார்லருக்கு அழைத்துப் போனாள். வெதுவெதுப்பான நீரில் விரல்களை ஊறவைத்தாள். நகத்தடித் தோலை மரக்குச்சியால் மெல்லத் தள்ளினாள். வெட்டினால் சீழ் வைக்கும் என்றாள். பிசிறை அரத்தால் ஒரே பக்கமாக இழைத்தாள். முன்னும் பின்னும் தேய்த்தால் நகம் ஏடு ஏடாகப் பிரியுமாம். கடைசியில் எண்ணெய்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அகலமாய், குட்டையாய் இருந்த அந்தக் கட்டைவிரலை அவளுக்கு முன்பே தெரியும். வாடிக்கையாக வந்ததால் அக்கா என்று இவள் கூப்பிட்டவள், இந்தப் பெண்ணின் செத்துப்போன அம்மா, நான்கு வருடம் மாதம் தவறாமல் இதே நாற்காலியில் கை நீட்டியவள். அக்காவை அழைத்துப் போக வாசலில் வந்து நிற்பவரைத்தான் பிற்பாடு இவள் கட்டிக்கொண்டாள். அக்கா இருந்தவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. யார் நம்புவார்கள்? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று புருஷனும் பெண்டாட்டியும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், தண்ணீருக்குள் அந்தக் கை தன் கையை எட்டிப் பிடிப்பது போலிருந்தது. நிமிர்ந்து பார்க்கவே சித்தி பயந்தாள்.

ஆறாவது ஞாயிறு, வளர்ந்த நகங்களுக்கு வடிவம் கொடுத்தாள். கட்டைவிரல் வந்ததும் அவளைக் கேட்காமலே கை பழைய வேலையைச் செய்துவிட்டது. ஓரங்களைக் குறுக்கி, நுனியை நீட்டி, அகலம் தெரியாதபடி.

பெண் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது அம்மா விரல்," என்றாள். "அம்மாவுக்கு இப்படி யாரு பண்ணிவிட்டா?"

சித்தி அரத்தைக் கீழே வைத்தாள். அதற்குள் கட்டைவிரல் பெண்ணின் வாயருகே போய்விட்டது. நகத்தின் மேல் பல் பட்டது.

"நான்தான் கண்ணு. இங்கதான். உங்கப்பா வாசல்ல நிப்பாரு. அப்ப அவரோட நான் பேசினதுகூட இல்ல. சொன்னா நீ நம்பமாட்டேன்னு பயம்."

பெண் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. கடிக்கவும் இல்லை.

"அம்மா உங்ககிட்ட என்ன பேசுவாங்க?"

"எங்க பேசினாங்க? கையைக் குடுத்ததும் தூங்கிடுவாங்க. குறட்டை வேற."

உடைந்த பல் தெரியப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கையை நீட்டி, அதையும் இதே மாதிரி பண்ணச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். அக்காதான் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிவிடாமல் இழைக்கத் தொடங்கினாள்.