ஈரச் சாக்கு

1
துளசித் தேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனேன். கட்டுரை அச்சாகிவிட்டது. அங்கே பார்த்த ஒரு காலித் தேன்பெட்டியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதன் வாசலில் தேன் வழிந்து காய்ந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்; தேனீ வளர்ப்பவர் உள்ளே போய்விட்டார். ஆகவே மீதி என் கற்பனை.

2
‘வெயில் ஏறுவதற்கு முன்பே தேனீக்கள் துளசிப் பூவில்—’

வேண்டாம். அழகான கதை என்று நம்பிவிடுவீர்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம் தம்பியின் தேன்பெட்டிகள். அந்தப் பக்கம் அக்காவின் மூலிகைத் தோட்டம்: துளசி, ஆடாதோடை, ஓரமாகத் தும்பை. இலையை அவள் நாட்டு மருந்துக்கடைக்குக் கொடுத்தாள். பூவெல்லாம் இவனுக்குத் தேனாயிற்று. அந்த வருடம் துளசியில் புழு விழுந்தது.

“நாளைக்குக் காலையில மருந்தடிக்கிறேன். உன் பூச்சிங்கள உள்ள வெச்சுக்கோ.”

“பூவுல அடிச்சா என் பொழப்பு போச்சுக்கா.”

“புழு தின்னா என் பொழப்பு போகுதே. உன் பூச்சி மட்டும் ராஜா வீட்டுப் பிள்ளையா?”

“அடி. நல்லா அடி. இனிமே உன் வேலிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்.”

(தம்பியைச் சாதுவாக்கியும் எழுதிப் பார்த்தேன். தேனீக்கள் பிழைத்துக்கொண்டன. நான் பார்த்த பெட்டி அதை ஒப்புக்கொள்ளவில்லை.)

3
பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடடைந்ததும் தம்பி பெட்டி வாசல்களைத் துணியால் அடைத்தான். மருந்து வாடை தணிந்தபின் திறப்பது வழக்கம். அடைத்த பெட்டி வெயில் தாங்காது என்பதால் ஈரச் சாக்கைப் போர்த்தினான்.

காலையில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்தான். சத்தம் வரவில்லை. திறந்துவிட்டபின் அவள் அடித்தால் அத்தனையும் சாகும். வேலிக்கு மேல் ஒரு பார்வை பார்த்தால் போதும். ரோஷம் விடவில்லை.

வெயில் ஏறியது. சாக்கை மறுபடி நனைத்தான். உள்ளே இரைச்சல் கூடிக்கொண்டே போய், பிறகு குறைந்தது. அடங்கிவிட்டன என்று நிம்மதியானான். (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, திரும்ப எழுதியிருக்கிறேன்.)

வாசல் துணியில் தேன் கசிந்தது. மூடியைத் தூக்கினான். சூட்டில் மெழுகு அடைகள் உருகிச் சரிந்து, தேனீக்கள் தங்கள் தேனிலேயே மூழ்கிக் கிடந்தன. எல்லாப் பெட்டியிலும்.

4
ஒரு பெட்டி மட்டும் தப்பியது என்று எழுதத் தொடங்கி—

மோட்டார் பழுதாகிவிட்டது, யார் மீதும் குற்றமில்லை என்று—

5
அக்கா வேலியருகே வந்து நின்றாள். விரல்களெல்லாம் பச்சை.

“அடிக்கலடா. மனசு வரல. விடியறதுக்கு முன்னாடியே உக்காந்து ஒவ்வொரு புழுவா கையாலயே பொறுக்கிட்டிருக்கேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பாதிதான் ஆச்சு, மீதி நாளைக்கு. போய்த் திறந்து விடு.”

அவன் திறந்த பெட்டியின் மேல் சாக்கை இழுத்துவிட்டான்.

“ஏன்டா வாயில கொழுக்கட்டையா? இன்னும் கோவமா?”

சொன்னால், பாவம் பார்த்த தன் கையையே அவள் ஆயுளுக்கும் வெறுப்பாள். சொல்லாவிட்டால், நாளைக்கும் விடியுமுன் எழுந்து, இல்லாத தேனீக்களுக்காகப் புழு பொறுக்குவாள்.

அவன் பேச வேண்டிய வாக்கியத்துக்காக இந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிவிடுங்கள்.

அக்கா புடவையைச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டுகிறாள்.