சிமென்ட் களத்தில் தேய்ந்த டயர்கள்

நல்லக்கண்ணுவின் அப்பா குத்தகைப் போராட்டத்தில் சிறைக்குப் போய் மீட்ட நிலம், மன்னார்குடிப் பக்கம் புறவழிச்சாலைக்குள் போய்விட்டது. இழப்பீட்டில் நல்லக்கண்ணு ஒரு பழைய பாப்கேட் வாங்கினான். ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி, மறுபக்கத்தை மட்டும் ஓட்டித் திருப்பும் சின்ன லோடர். அரிசி ஆலையில் நெல் அள்ளும் வேலை கிடைத்தது.

ஆலைக் களம் முழுக்க சிமென்ட். ஒரு போகத்துக்குள் டயர்கள் மொட்டையாகிவிட்டன.

டயர் கடை காதர் மைதீன் ரப்பரைத் தடவிப் பார்த்தார்.

"வண்டி திரும்பலண்ணே, இழுபடுது. மண்ணுன்னா வழிவிடும், சிமென்ட்டு ராவிடும். நின்ன எடத்துல சுத்தாதீங்க. முன்னபின்ன போயி அகலமா வளைங்க. காத்து நாலுலயும் ஒண்ணுபோல இருக்கட்டும்."

புது டயருக்காக மனைவி நீலாம்பாள் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் களத்துக் கல்லைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். தேர் திருப்புவதுபோல் வளைப்பான். அறுவடை தொடங்கியபோதும் டயரில் பள்ளம் ஆழமாகவே இருந்தது.

"விரல விட்டுப் பாரு" என்றான். நீலாம்பாள் விட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

குறுவை நெல் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மேனேஜர் நாகநாதன் குடையோடு ஓடிவந்தார்.

"என்னய்யா ஊர்வலம் போற? சட்டுனு திருப்பு!"

"டயர் போயிடுங்க."

"நெல்லு நனையிது, முளைச்சுடும். உன் டயரப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

அவர் சொன்னதும் நிஜம்தான். நல்லக்கண்ணு நின்ற இடத்திலேயே சுழற்றினான். அன்றும், அடுத்தடுத்த நாட்களும். சிமென்ட்டில் கறுப்புக் கோடுகள் விழுந்தன. டயரில் நூல் தெரிந்தது. வாளி நிறைய நெல்லோடு திரும்பும்போது முன்டயர் வெடித்தது. வண்டி சாய்ந்து, நெல் மழைத்தண்ணீரில் கொட்டியது.

நாகநாதன் திட்டவில்லை. போனை எடுத்து வேறொருவரைக் கூப்பிட்டார். மதியமே இன்னொரு வண்டி வந்துவிட்டது.

வீட்டில் கழற்றிக் கொடுக்க வேறு நகை இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்துவந்த வண்டி கொல்லையில் நின்றது.

சம்பா நடவு வந்தது. புறவழிச்சாலையை ஒட்டிய வயலுக்குக் கூலிக்குக் கிளம்பிய நீலாம்பாள், வாசலில் தயங்கினாள்.

"நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"நானும் வர்றேன்."

வரப்பில் நின்ற வயல்காரர் அவனைப் பார்த்துச் சங்கடப்பட்டார். அவன் அப்பாவை அவருக்குத் தெரியும்.

"நாத்துப் பறிக்கிறியா நல்லக்கண்ணு?"

"பறிக்கிறேங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். மேலே சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.